பலகையின் மேல் ஒரு போடி ரயில்

ரயிலைக் கண்டு கையசைக்காத குழந்தையும் உண்டோ? ஆனால் போடிநாயக்கனூரில் பிறந்த எங்களுக்கு அந்தப் பேறு நெடுநாள் வாய்க்கவில்லை. மதுரையிலிருந்து 1928-ஆம் ஆண்டில் நம் ஊருக்கு வந்த மீட்டர் பாதை, அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதம் போடி வரையிலும் ரயில் திரும்பி வந்தது. இடையில் பிறந்து வளர்ந்த நாங்கள் போடி ரயிலைப் பாட்டி சொன்ன கதைகளில்தான் கண்டோம்.

அந்த ஏக்கமே ஒன்பதாம் வகுப்பு மாணவியர் நால்வரையும் சிறு ரயில் அமைக்கத் தூண்டியது. எங்களுள் ஒருத்தியின் வீட்டு மாடியறையில், எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒட்டுப்பலகையின் மேல் அது ஓடுகிறது. அதை அமைத்த விதத்தைத் தோழியர்க்குக் கூற விழைகிறோம்.

முதலில் அறிய வேண்டியது அளவு. துபாயில் பணிபுரியும் மாமா வாங்கி வந்த ரயில், 'எச்.ஓ.' என்னும் அளவைச் சேர்ந்தது. அதாவது, உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு. புனே நகரில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகத்திலும் இதே அளவு ரயில்களே ஓடுகின்றன. இதன் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 16.5 மில்லிமீட்டர். இதை 87-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,435 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிதும் வழங்கும் பாதையின் அகலம் அது. நம் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். பழைய மீட்டர் பாதை 1,000 மில்லிமீட்டர். ஆக, எங்கள் பாதை இரண்டிலும் சேராதது! கிடைத்ததைக் கொண்டு தொடங்குவோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

அடுத்தது தூரம். மதுரைக்கும் போடிக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர். அதை 87-ஆல் வகுத்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாதை வேண்டும். மாடியறைக்கு எங்கே போவது? எதையெல்லாம் விடுவது என்று முடிவு செய்யவே ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் ஆண்டிபட்டிக் கணவாய், தேனி நிலையம், போடி நிலையம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இங்கேதான் எங்கள் ஆசை அளவு கடந்தது. "போடியோடு நிற்பானேன்? குரங்கணி மலைக்கே ரயிலை ஏற்றிவிடுவோம்" என்று, ஒரு மீட்டர் நீளத்தில் பத்து சென்டிமீட்டர் உயரம் ஏறும்படி பாதை போட்டோம். எஞ்சினின் சக்கரங்கள் சுழன்றனவே தவிர, வண்டி ஏறவில்லை. பெட்டிகள் பின்னோக்கிச் சரிந்து தரையில் விழுந்தன; இரண்டு கொக்கிகள் முறிந்தன. ரயிலுக்கு உரியவள் அழுதேவிட்டாள். அவளுடைய தந்தையார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "சரிவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் கூறினார்.

போட்டுப் பார்த்தோம். நாங்கள் அமைத்தது பத்துக்கு ஒன்று என்ற சரிவு. ஊட்டி மலை ரயிலின் மிகக் கடுமையான சரிவே பன்னிரண்டுக்கு ஒன்றுதான். அதுவும் பல்சக்கரத்தின் துணையால் ஏறுகிறது. சாதாரணச் சிறு ரயிலுக்கு ஐம்பதுக்கு ஒன்று ஏற்றது. அப்படியானால் பத்து சென்டிமீட்டர் ஏற ஐந்து மீட்டர் பாதை வேண்டும். நம் ஊரோடு ரயில் ஏன் நின்றுவிடுகிறது என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

மலைக்கு மேலேயும் ஒரு ரயில் இருந்தது என்பதைப் பலர் அறியார். மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைத்தார்கள். மாடுகள் வண்டியை இழுத்தன. 1908-இல் அது குறுகிய ரயில் பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டு பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. நான்கு ஆண்டுகள் கழித்தே போடிக்கு ரயில் வந்தது. மேலே ஓடிய ரயிலும் கீழே ஓடிய ரயிலும் ஒன்றையொன்று காணவே இல்லை! எங்கள் பலகையில் அவற்றைச் சந்திக்க வைத்தோம். சுவரில் மலையைத் தீட்டி, உச்சியிலிருந்து போடி நிலையம் வரை மெல்லிய கம்பி கட்டி, தீப்பெட்டிகளைத் தொங்கவிட்டோம்.

பின்னர் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ரயில் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. வீட்டு மின்சாரத்தைத் தண்டவாளத்தில் ஒருபோதும் நேரே இணைக்கலாகாது. பலகையின் கோடியில் வண்டி தளர்ந்தது. தண்டவாள இணைப்புகளில் மின்சாரம் குறைவதே காரணம். பலகைக்கு அடியில் தனிக் கம்பிகள் கொண்டுபோய் மூன்று இடங்களில் இணைத்ததும் சீராக ஓடியது. சித்திரை வெயிலில் தண்டவாளம் நீண்டு வளைந்தது. இணைப்புகளில் தபால் அட்டையின் கனத்திற்கு இடைவெளி விட்டோம். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை செய்யும் ஓர் அம்மா தந்த பழைய சல்லடையில் மணலைச் சலித்து, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து விட்டு, ஜல்லியாகப் படிய வைத்தோம். காய்ந்த தேயிலைச் சக்கை மண்ணாயிற்று. நம் ஊர் இலவம்பஞ்சு மலை மேல் மேகமாயிற்று.

எல்லாம் முடிந்தது என்று பாட்டியை மாடிக்கு அழைத்து வந்தோம். ரயில் மூன்று சுற்று வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு, "இது புது ரயில். நான் ஏறிப் போன சின்ன ரயில் எங்கடி?" என்று கேட்டார்கள். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆதலால் இப்போது போடி நிலையத்தின் ஓரத்தில் 12 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு பாதை இட்டு வருகிறோம். 87-ஆல் பெருக்கினால் அது ஏறத்தாழ மீட்டர் பாதையே. பெட்டிகளை அட்டையில் நாங்களே செய்கிறோம். ஜன்னல் எங்கே, படி எங்கே என்று பாட்டி அருகில் அமர்ந்து சொல்கிறார்கள். அந்த ரயில் ஓடாது, நின்றுகொண்டுதான் இருக்கும். ஆயினும் எங்கள் பலகையில் முதலில் காட்ட வேண்டியது அதுவே என்று முடிவு செய்திருக்கிறோம். தோழியரே, விடுமுறையில் வந்து பாருங்கள்!