தனிக்குடித்தனமா? கூட்டுக் குடும்பமா?

ஏற்காடு மலை அடிவாரத்தில் வெள்ளை வெளேர் என்று மேடுகள் தெரியும். அது வெள்ளைக்கல் பூமி. "மேக்னசைட்" என்பது அந்தக் கல்லின் பெயர். அங்குள்ள ரெயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான்!

இந்தக் கல்லைச் சுட்டு, செங்கல் செய்கிறார்கள். வீடு கட்ட அல்ல. இரும்பு உருக்கும் உலைக்கு. இரும்பு சுமார் 1,500 டிகிரியில் உருகி விடும். வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா உருக 2,800 டிகிரி வேண்டும். அதனால் உலைச் சூட்டை அது தாங்குகிறது.

கை மாறியது

இந்தத் தொழிலைச் சேலத்தில் நடத்தியது, மத்திய அரசாங்கத்துக்குச் சொந்தமான பர்ன் ஸ்டாண்டர்டு கம்பெனி. அது நொடித்துப் போயிற்று. 2011 டிசம்பரில் அதன் சேலம் பிரிவு "செயில்" என்ற உருக்குக் கம்பெனியின் கைக்கு வந்தது. சேலம் உருக்காலையும் செயிலுடையதுதான்.

வாங்கியாயிற்று. தன்னோடு கரைத்துக் கொள்வதா? தனியாக விட்டு வைப்பதா?

சேலத்தைச் செயில் தனிக் கம்பெனியாகவே வைத்தது. ஆனால், இதே உலைச் செங்கல் செய்த பாரத் ரிப்ராக்டரீஸ் கம்பெனியை 2009-இல் தன்னோடு இணைத்து விட்டது. தொழில் ஒன்று, வாங்கியவர் ஒருவர், முடிவு மட்டும் இரண்டு!

28 ஆண்டு

வங்காளத்தில் பர்ன்பூர் இரும்பாலை உண்டு. அதை நடத்திய "இஸ்கோ" கம்பெனி 1978-இல் செயிலின் கிளைக் கம்பெனி ஆயிற்று. 28 ஆண்டு தனிக்குடித்தனம்! 2006-இல்தான் இணைப்பு. பிறகு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டி அங்கே புதிய ஆலை கட்டினார்கள். 2015-இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

எதைப் பார்த்து முடிவு செய்வது?

இணைத்தால் கணக்கு ஒன்று, கொள்முதல் ஒன்று. பெரிய வீட்டுப் பணம் தாராளமாகப் பாயும். ஆனால், சின்ன ஆலையின் லாப நஷ்டம் பெரிய கணக்கில் மறைந்து போகும். சின்ன விஷயத்துக்கும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க நேரும்.

தனியாக விட்டால் கணக்கு பளிச்சென்று தெரியும். சரக்கை வெளியாருக்கும் விற்கலாம். ஆனால், சம்பளப் பட்டியலும் தனியாக இருக்கலாம். முதலாளி ஒருவர், சம்பளம் மட்டும் வேறா? தொழிலாளி கேட்கத்தானே செய்வார்!

இருவருக்கும் அன்றாடம் எவ்வளவு ஒட்டுறவு என்பதே முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. செங்கல் வாங்க, விற்பவரை வீட்டோடு சேர்க்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான கோடி போட்டு உலை கட்டுவதென்றால் கதை வேறு.

பழைய வீடான பர்ன் ஸ்டாண்டர்டை மூடி விட 2018-இல் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. சேலம் பிரிவு அதற்கு 6 ஆண்டு முன்பே வெளியே வந்திருந்தது.