அலெக்ஸ் அபிஷேகநாதனும் சிங்கப்பூர்க் கித்தார்க் கலையும்

சிங்கப்பூர் இந்தியரின் இசை வரலாற்றை நோக்கும்போது நாம் பெரும்பாலும் சிராங்கூன் சாலையைச் சுற்றியே நிற்கிறோம். கோயில் நாகசுரம், 1949 இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம், கருநாடக இசை வகுப்புகள் ஆகியன அவ்வரலாற்றில் உரிய இடம் பெறுகின்றன. கித்தாருக்கு அங்கே இடமில்லை. ஆகவே, 1926 இல் பிறந்த அலெக்ஸ் அபிஷேகநாதனும் அங்கே காணப்படுவதில்லை. அவர் பெயரில் தமிழ் உண்டு. வாசித்ததோ மேலை இசை. இவ்விரண்டுக்கும் இடையே அவர் நழுவிவிட்டார் என்பது எம் கருத்து.

இசைக் குடும்பம் அது. தமையனார் பால் அபிஷேகநாதன் (1914–2011) இசைக்குழு நடத்துநராகப் புகழ்பெற்று, 1986 இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். ஈராண்டுக்குப் பின், 1988 இல், அலெக்ஸும் அதனைப் பெற்றார். கல்வித்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் தாழ்குரற் பாடகராகவும் டபுள் பேஸ் இசைஞராகவும் விளங்கியவர். இவ்விரு பயிற்சிகளும் அவர்தம் கித்தார்ப் பணியைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை.

செவ்வியல் கித்தாரின் இயல்பினை ஈண்டுச் சற்று விளக்குவது தகும். மெட்டுகள் பதித்த கழுத்தில் இடக்கை விரல்கள் சுரத்தைத் தெரிவு செய்ய, வலக்கை விரல்கள் நரம்பை மீட்டுகின்றன. மீட்டிய விரல் அடுத்த நரம்பின்மீது சாய்ந்து நிற்பின் ஒலி திரண்டு எழும். சாயாது விலகின் மென்மையாக ஒலிக்கும். எவ்வாறு மீட்டினும் ஒலி உடனே தேயத் தொடங்கிவிடும். வயலினைப்போல ஒரு சுரத்தை நீட்டி நிறுத்த இயலாது. ஒரே சுரத்தை விரைந்து மீண்டும் மீண்டும் மீட்டி நீட்சிபோல் தோன்றச் செய்யும் டிரெமோலோ என்னும் உத்தி இக்குறையை மறைக்கவே பயன்படுகிறது. ஒலியளவும் சிறிது, பேரரங்கில் தனிக் கித்தார் எளிதில் அமுங்கிவிடும்.

தனிக்கலைஞர் பலர் இச்சிக்கலை விரல் திறத்தால் எதிர்கொள்வர். அபிஷேகநாதன் தேர்ந்த வழி வேறு. 1981 இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய கித்தார்க் குழு, ஜப்பானியரான ஹிரோகி நீபோரி வகுத்த முறையைத் தழுவியது. அம்முறையில் வழக்கமான கித்தாரோடு, அதனினும் சிறிய, உயர்ந்த ஒலியுடைய ஆல்டோ கித்தாரும், பெரிய, தாழ்ந்த ஒலியுடைய பேஸ், கான்ட்ராபேஸ் கித்தார்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. பாடகர் குழுவில் குரல்கள் பகுக்கப்படுவதுபோலவே இங்கு நரம்புகள் பகுக்கப்படுகின்றன. டபுள் பேஸின் நான்கு நரம்புகளும் கித்தாரின் தாழ்ந்த நான்கு நரம்புகளுக்கு ஓர் எண்மம் கீழே ஒலிப்பவை. கூட்டிசையின் அடித்தளத்தில் நின்று பழகிய செவிக்கு இம்முறை இயல்பாகவே உவந்திருக்கும் எனக் கருதலாம்.

பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என நரம்பெண்ணிக்கையால் வேறுபட்ட யாழ்வகைகளை நம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவற்றை நீபோரி குடும்பத்தோடு ஒப்பிடத் தோன்றும். எனினும் பகுத்த குரல்கள் ஒருங்கே வேறுவேறு சுரம் ஒலிக்கும் ஒத்திசை நம் மரபினது அன்று. ஒப்புமையை வகுப்பறை எல்லையோடு நிறுத்துவதே நன்று.

1970களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி வழியாகவும் அவர் கித்தார் கற்பித்தார். கருவியை வீடுதோறும் கொண்டுசென்ற அப்பணி மேடைக் கச்சேரிகளைவிடக் குறைந்ததன்று. பல்கலைக்கழகக் குழுவிலும் ஆசிரியர் நோக்கே மேலோங்கியது. மாணவர் சில ஆண்டே தங்குவர். தேர்ந்தவர் பட்டம் பெற்று வெளியேறும்போது புதியவர் வருவர். ஒவ்வொருவரும் பல குரல்களைத் தனித்து வாசிக்க வேண்டிய நிலையிருப்பின் அத்தகைய குழு நிலைத்திராது. ஒருவர்க்கு ஒரு குரல் என்று பகுத்தமையால், புதிதாக வந்த மாணவரும் விரைவில் குழுவோடு சேர்ந்து ஒலிக்க முடிந்தது.