ஓட்டத்துக்கு மறுநாள்

சில ஆண்டுகளுக்கு முன், மெரினாக் கடற்கரைச் சாலையில் விடியுமுன்னே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் 21 கிலோமீட்டர் தூரத்தை என் வாழ்வில் முதன்முறையாக ஓடி முடித்த அன்று, கால்கள் களைத்திருந்தனவேயன்றி வலிக்கவில்லை. மாலையில் சற்று உலாவிவிட்டு வந்து, மாடியறைக்கு ஏறி நிம்மதியாக உறங்கவும் செய்தேன். மறுநாள் காலையில், காப்பி குடிப்பதற்காகக் கீழே இறங்க முதற்படியில் கால் வைத்தபோதோ, தொடையின் முன்புறச் சதை முழுவதும் ஒரே சமயத்தில் சுளீரென்று வலிக்க, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, நடை பழகும் குழந்தையைப்போல ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியதாயிற்று. அதைவிட ஆச்சரியம், காப்பியைக் குடித்துவிட்டு மேலே ஏறும்போது அவ்வளவு சிரமம் தோன்றவில்லை என்பதே. ஏறுவதில் இல்லாத வேதனை இறங்குவதில் மட்டும் ஏன்? இந்தச் சாதாரணக் கேள்விக்கு விடை காண முயன்றால், தேகாப்பியாசத்தின் ரகசியங்களில் பாதி விளங்கிவிடும்.

படியேறும்போது தொடைச் சதை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே சதை, உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. கிணற்றில் நீர் இறைப்பவரை நினைத்துப் பாருங்கள். கயிற்றை மாற்றி மாற்றிப் பிடித்து இழுக்கும்போது உள்ளங்கைக்குச் சேதமில்லை. பாரத்தைப் பிடித்தபடியே கயிற்றைக் கையிலிருந்து நழுவ விடும்போதுதான் தோல் உரிகிறது. பாரத்தைத் தாங்கியவாறே நீளும் சதைக்கும் ஏறத்தாழ அப்படிப்பட்ட கதியே நேர்கிறது. சமதரையில் ஓடும்போதும், கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்கால் சற்று மடிய, தொடைச் சதை நீண்டவாறே உடலைத் தடுத்து நிறுத்துகிறது. 21 கிலோமீட்டரில் ஏறத்தாழ 20,000 அடிகள் என்றால், இந்த இழுபறி எத்தனை முறை நிகழ்ந்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த வலி ஏன் உடனே வராமல் மறுநாள் வருகிறது என்ற விஷயத்தை 1902லேயே ஆராய்ந்தவர் தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர். விரலை மடக்கி நீட்டச் செய்து சதையின் உழைப்பை அளக்கும் ஒரு கருவியைக் கொண்டு பரிசோதனைகள் நடத்திய அவர், வேலை செய்துகொண்டிருக்கும்போதே தோன்றும் அயர்ச்சி வேறு, மறுநாள் தோன்றும் நோவு வேறு என்று பகுத்து, பின்னது சதையினுள்ளே ஏற்படும் நுண்ணிய கிழிசல்களின் விளைவாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். அந்த முடிவு நியாயமானதாயிருந்தும், உலகம் அதைக் கவனிக்கத் தவறிவிட்டது. சதை உழைக்கும்போது லாக்டிக் அமிலம் உண்டாவதைத் தவளைச் சதையில் ஆராய்ந்த ஆர்ச்சிபால்டு ஹில், ஆட்டோ மேயர்ஹோஃப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்த பிறகு, அந்த அமிலம் சதையில் தேங்கி நிற்பதுதான் எல்லா வலிக்கும் காரணம் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவி, இன்றும் ஜிம்முக்கு ஜிம் உபதேசிக்கப்படுகிறது.

உண்மையில் அந்தப் பொருள், ஓட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதயமும் மற்றச் சதைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. 1983இல் நடந்த ஒரு பரிசோதனை இவ்விஷயத்தை ஐயமின்றிக் காட்டியது. ஓடுபொறியின் மீது சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டிக் அமிலம் கூடியது, ஆனால் பின்னர் வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு அமிலம் கூடவேயில்லை, ஆனால் வலி வந்தது. சதை இழைகளில் நேரும் நுண்சிதைவும், அதைச் சீர்செய்ய உடல் மேற்கொள்ளும் அழற்சியும், நரம்புகளின் கூர்மையும் சேர்ந்தே அந்த நோவை உண்டாக்குகின்றன. அது சாதாரணமாக ஒரு நாளுக்குள் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்குள் மறைகிறது.

பாஸ்டன் நகரத்து மாரத்தானின் அபகீர்த்திக்கு, சரிவில் இறங்கி ஓடுவதால் வரும் இந்த நோவும் ஒரு காரணம். 1897 முதல் நடந்துவரும் அந்த ஓட்டம் ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கி, 42.195 கிலோமீட்டரில் சுமார் 140 மீட்டர் கீழே இறங்கி முடிகிறது. இறங்குமுகமான பாதை எளிதென்று எண்ணித் தொடக்கத்தில் உற்சாகமாக ஓடுபவர்களின் தொடைகள், 26ஆம் கிலோமீட்டருக்கு மேல் நியூட்டன் குன்றுகளை அடையும்போது ஏற்கெனவே நைந்து போயிருக்கும். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் நடைபெறும் காம்ரேட்ஸ் ஓட்டத்திலும், கடலை நோக்கி இறங்கும் ஆண்டுகளில்தான் கால்கள் அதிகம் வதைபடுகின்றன.

சேதம் இத்தகையது என்று தெரிந்தால், பரிகாரம் எது என்பதும் தெளிவாகிவிடும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடலை வளைத்து நீட்டும் அப்பியாசங்கள் நன்மை தரலாம். ஆயினும் மறுநாள் வலியை அவை சொல்லத்தக்க அளவு குறைப்பதில்லை என்பது பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களின் தீர்ப்பு. பனிக்கட்டி நீரில் அமிழ்வது வலியுணர்ச்சியைச் சற்றுத் தணிக்கிறது. எனினும் பளு தூக்கிய பின் ஒவ்வொரு முறையும் அவ்வாறு செய்தால் சதை வளர்ச்சியே மட்டுப்படக்கூடும். காயங்களுக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நால்வகைச் சிகிச்சையை 1978இல் பிரபலப்படுத்திய கேப் மிர்க்கின் என்ற வைத்தியரே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். தாம் சொன்னதைத் தாமே திருத்தும் அந்த நேர்மை வணக்கத்துக்குரியது.

எஞ்சி நிற்பவை, நம் பாட்டிமாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய எளிய காரியங்களே. நெடுந்தூரம் ஓடியவரின் சதைகளில் சேமித்திருந்த மாவுச்சத்து பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும். சோறும் இட்டிலியும் அதை ஓரிரு நாட்களில் மீண்டும் நிரப்புகின்றன. பருப்பும், சுண்டலும், முட்டையும், தயிரும் கிழிந்த இழைகளைப் பின்னுவதற்கு வேண்டிய புரதத்தைத் தருகின்றன. ஆழ்ந்த உறக்கமோ எல்லாவற்றிலும் மேலான மருந்து. மறுநாள் படுத்தே கிடப்பதைவிட மெதுவாக நடப்பதும், மிருதுவாக உருவி விடுவதும் ஆறுதல் தரும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓட்டத்தின்போது நீர்ச்சத்து குறைந்த உடலில் வலி மாத்திரைகளை விழுங்குவது சிறுநீரகங்களுக்கு ஆபத்து. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்தாலோ, வலி சதை முழுவதும் பரவாமல் எலும்பின் ஓரிடத்தில் குத்தி நின்று நாளுக்கு நாள் மிகுந்தாலோ, ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

ஜிம்முக்குச் செல்வோருக்கும் இதே நீதிதான். முதல் நாளிலேயே ஐம்பது பஸ்கி போட்டுவிட்டு, நாற்காலியில் உட்காரவும் எழவும் இயலாமல் பயிற்சியையே கைவிட்ட இளைஞர்கள் எத்தனை பேர்! இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் கால்களுக்கு வலுவூட்ட முனைந்த தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ வைத்தியர், பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகும் முறையை 1945இல் வகுத்தளித்தார். இன்றைய பளுப்பயிற்சி அனைத்தும் அந்த அஸ்திவாரத்தின் மீது நிற்கிறது. வலி எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலன் என்று எண்ணுவது பிரமை. பழக்கமில்லாத வேலையைச் செய்தோம் என்பதற்கு மேல் அந்த வலி எதையும் நிரூபிப்பதில்லை.

ஆனால், உடலுக்கு ஓர் அருமையான குணம் உண்டு. ஒருமுறை இவ்வாறு நைந்து தேறிய சதை, சில வாரங்கள் கழித்து அதே வேலையைச் செய்யும்போது அவ்வளவாக நைவதில்லை. சரிவில் ஒருமுறை ஓடிய கால், அடுத்த சரிவுக்குத் தன்னைத் தயார்செய்து வைத்திருக்கிறது. இந்தத் தயாரிப்பு நடப்பது ஓடும் நேரத்தில் அன்று. உண்டு, உறங்கி, பொறுமையோடு காத்திருக்கும் நாட்களில்தான். ஆகவே ஓய்வைச் சோம்பல் என்று கருதி நாணுபவர், விதைத்த மறுநாளே நிலத்தைக் கிளறிப் பார்க்கும் உழவரை ஒத்தவராவார்.

ஆறு வாரங்களுக்குப் பின் அதே கடற்கரைச் சாலையில் அதே தூரத்தை மீண்டும் ஓடினேன். மறுநாள் காலை மாடிப்படியின் முதற்படியில் நின்றபோது, பழைய நினைவினால் கை தானாகவே கைப்பிடியைத் தேடியது. தொடையில் ஒரு மெல்லிய இறுக்கம் இருந்தது, அவ்வளவே. கையை எடுத்துவிட்டு, நேராகவே இறங்கிப்போய்க் காப்பி குடித்தேன்.