இடிக்கும் முன் படம் பிடியுங்கள்

"இது சுண்ணாம்புக் கட்டு சார். முதல்ல ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்க!"

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் தாத்தா காலத்து வீட்டை இடித்துக்கொண்டிருந்த காலையில், பக்கத்து மனையில் வேலை செய்த வயதான மேஸ்திரி ஓடி வந்து சொன்னது இது. அதற்குள் பின்கட்டு தரைமட்டமாகியிருந்தது. இடிப்பு வேலைக்காரர் மொத்தமாக ஒரு தொகை பேசி, ஒரே நாளில் மனையைக் காலி செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். நாங்களும் சரி என்றுவிட்டோம். தேக்குச் சட்டங்கள் நடுவில் முறிந்து கிடந்தன. ஓடுகள் நொறுங்கி, செங்கல் தூளாகி, எல்லாம் ஒரே ரப்பீஷ் குவியல்.

பாதி பெயர்ந்து நின்ற சுவரில் மேஸ்திரி கொத்துக்கரண்டியின் முனையை விட்டு நெம்பினார். செங்கல் முழுசாகக் கையோடு வந்தது. ஒட்டியிருந்த காரையைக் கரண்டி விளிம்பால் இரண்டு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"சிமெண்ட்டுக் கட்டா இருந்தா கல்லு உடையும், கலவை உடையாது. சுண்ணாம்பு அப்படியில்ல சார், கல்லை விட்டுக் கொடுத்துடும்."

அன்றே வேலையை நிறுத்தினோம். முன்கட்டை இடிக்கவில்லை, பிரித்தோம். பிரித்ததை எல்லாம் செல்போன் வழியாகவே விற்றோம். அந்த இரண்டு மாதத்தில் நான் கற்ற பாடம் ஒன்றுதான்: பழைய கட்டடச் சாமானின் விலை விளம்பரத்தில் முடிவாவதில்லை, சுவரில் முதல் அடி விழும்போதே முடிவாகிவிடுகிறது.

வீடு நிற்கும்போதே விளம்பரம்

முன்பெல்லாம் பழைய வீட்டுக்கு ஒரே வாடிக்கையாளர் இடிப்பு கான்ட்ராக்டர்தான். அவர் சொன்னதே விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு மாதிரி பழைய பொருள் கடைகளுக்குப் பேர்போன இடத்துக்கு நாமே கதவை ஏற்றிக்கொண்டு போக முடியுமா? இன்று ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் இருக்கின்றன. கதவு தேடுபவர் ஒருவர், ஓடு தேடுபவர் இன்னொருவர், தூண் மட்டும் கேட்பவர் வேறொருவர் என்று தனித்தனியாக நம்மைத் தேடி வருகிறார்கள்.

ஆனால் அவர்கள் வந்து சேர நாள் பிடிக்கும். பொக்லைன் வந்து நின்ற பிறகு படம் போட்டுப் பயனில்லை. இரண்டு மாதம் முன்பே, நிலையும் கதவும் சுவரில் நிற்கும்போதே படம் எடுங்கள். பிரிக்கும் தேதியையும் சேர்த்துப் போடுங்கள்.

படத்தில் டேப் இருக்கட்டும். மரத்துக்குக் கன அடிதான் கணக்கு. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 5 அங்குல அகலம், 3 அங்குல கனம், 7 அடியில் இரண்டு கால், மூன்றரை அடியில் மேலும் கீழும் கட்டை என்றால் மொத்தம் 21 அடி நீளம்; ஏறக்குறைய 2.2 கன அடி. இந்தக் கணக்குத் தெரியாமல் 'நிலை ஒன்று இவ்வளவு' என்று விலை சொன்னால் நஷ்டம் நமக்குத்தான்.

ஓட்டைத் திருப்பி அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள். மங்களூரில் பாசல் மிஷன் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்த ஊர் ஓடு எங்கும் பரவியது. கம்பெனியின் பெயரையும் ஊரையும் ஓட்டிலேயே அச்சாகப் பதிப்பது வழக்கம். அந்த எழுத்தைப் பார்த்தே வாங்க வருபவர்கள் உண்டு. 100 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும் என்பதால், எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னால் வாங்குபவர் அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்.

வாங்குபவர் கையில் ஒரு வாளித் தண்ணீர்

படத்தைப் பார்த்து விசாரிக்கலாம். நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். சாதாரணச் செங்கல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர விதி. 3 கிலோ கல் என்றால் 600 கிராம்தான் எல்லை. அடிச்சுவரிலிருந்து வந்த, உப்புப் பூத்த கல்லைத் தனியாகக் கழித்துவிடுங்கள்.

மரத்தில், மண்ணிலும் சுவரிலும் புதைந்திருந்த முனைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கரையான் ஏறுவது அங்கிருந்துதான். உளியால் ஓரத்தில் லேசாகச் சீவினால் வைரம் பாய்ந்த தேக்கு எண்ணெய்ப் பசையோடு தன் மணத்தைக் காட்டும். ஆணியெல்லாம் பிடுங்கியாகிவிட்டதா என்றும் பாருங்கள். ஒரு ஆணி மிச்சமிருந்தால் அறுவை மில்லில் ரம்பம் போய்விடும்.

இரண்டு பொருளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ஒன்று, இடித்த கான்கிரீட்டிலிருந்து உருவிய கம்பி. வளைத்து நிமிர்த்திய கம்பியை நம்பி ஸ்லாப் போடக்கூடாது. அது போக வேண்டிய இடம் உருக்கு ஆலை. இன்னொன்று, 'வேலை முடிந்து மீந்த சிமெண்ட்'. மூட்டையிலேயே பேக்கிங் செய்த வாரமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டியிருந்தால், சோதித்துப் பார்க்காமல் கலக்கக்கூடாது.

சென்டரிங் ஷீட்டுக்கும் பில் வேண்டும்

புதிதாகத் தொழிலுக்கு வரும் சின்ன கான்ட்ராக்டருக்குப் பழைய சென்டரிங் சாமான் பெரிய கைகொடுப்பு. ஷீட்டின் விளிம்பு நேராக இருக்கிறதா, வெயிலில் தூக்கிப் பிடித்தால் துரு ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். ஜாக்கியின் மரையைக் கடைசிவரை சுற்றிப் பாருங்கள். குழாய் வளைந்திருந்தால் வேண்டாம். அது தாங்கப்போவது ஈரக் கான்கிரீட்டை மட்டுமல்ல, அதன்மேல் நிற்கும் ஆட்களின் உயிரையும். மிக்சர் மிஷினைச் சும்மா ஓட்டிக் காட்டினால் போதாது. ஜல்லியும் மணலும் போட்டு ஓடவிட்டு, டிரம்முக்குள் பிளேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சைட்டில் திருடுபோன ஷீட்டும் ஜாக்கியும் மலிவு விலையில் கைமாறுவது உண்டு. பில் இல்லையென்றால் விற்பவரின் அடையாள அட்டை நகலோடு கையெழுத்திட்ட ரசீதாவது வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம்.

ஜேசிபி என்றால் ஆர்.சி. புத்தகத்தைப் பரிவாஹன் தளத்தில் சரிபார்த்து, கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30; கடன் முடிந்திருந்தால் படிவம் 35. பொதுத்துறை நிறுவனங்களின் பழைய இயந்திரங்களை எம்.எஸ்.டி.சி. இணைய ஏலத்தில் விடுகிறது. அங்கே சரக்கு உள்ளது உள்ளபடிதான். பின்னால் குறை சொல்ல இடமில்லை. நேரில் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள்.

பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

கதவுக்கு விளம்பரம் போட்ட அன்றே எனக்கு ஒரு அழைப்பு. ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார், பேரமே பேசவில்லை. "க்யூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்றார். யுபிஐயில் பின் நம்பர் போடுவது பணம் கொடுக்கத்தானே தவிர, வாங்க அல்ல. இந்த ஒரு விஷயத்தை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

குறையைச் சொன்ன படம்

எங்கள் வாசல் நிலையின் வலது காலில், அடியில் நான்கு விரற்கடைக்குக் கரையான் அரித்திருந்தது. அதைத் தனியாகப் படம் எடுத்து விளம்பரத்தில் முதலில் வைத்தேன். வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். பெரம்பலூரிலிருந்து வண்டி எடுத்து வந்தவர், அளந்து பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் படத்தைப் பார்த்துதாங்க கிளம்பினேன். குறையைக் காட்டுறவர் அளவுல பொய் சொல்ல மாட்டார்னு ஒரு நம்பிக்கை."

முன்கட்டின் ஒவ்வொரு கதவும் எந்த ஊரில், யார் வீட்டில் நிற்கிறது என்று இன்று என்னால் சொல்ல முடியும். பின்கட்டு எந்தப் பள்ளத்தை நிரப்பிக் கிடக்கிறதோ, தெரியாது. அதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை.