பச்சை ஏன் மங்குகிறது?

நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை பிறக்கும் என்பது தொடக்கப்பள்ளிச் சிறுவரும் அறிந்த பாடம். எனினும், நீர்வண்ணப் பெட்டியைத் திறந்து கலந்து பார்க்கும் மாணவனுக்குச் சில வேளைகளில் தளிர்ப் பச்சை கிட்டுவதில்லை. சேறு படிந்தாற்போன்ற பச்சையே கிட்டுகிறது. "உனக்குக் கலக்கத் தெரியவில்லை" என்று ஆசிரியர் கடிந்துகொள்வர். யானும் அவ்வாறு கடிந்து, மதிப்பெண்ணைக் குறைத்ததுண்டு. குற்றம் மாணவன் கையில் இல்லை. நாம் கற்பித்த பாடம் அரைப்பாடம் என்பதே உண்மை.

வண்ணம் தானாக ஒளி வீசுவதில்லை. தன்மீது விழும் வெள்ளொளியில் சில நிறங்களை விழுங்கி, எஞ்சியவற்றையே நம் கண்ணுக்கு அனுப்புகிறது. வெள்ளொளியில் பல நிறங்கள் அடங்கியுள்ளமையை ஐசக் நியூட்டன் 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளியியல் நூலில் விளக்கினார். நீல வண்ணம் சிவப்பொளியை விழுங்கும். மஞ்சள் வண்ணம் நீலவொளியை விழுங்கும். இரண்டும் ஓரளவேனும் விட்டுவைப்பது பச்சையொளியே. ஆதலின் கலவை பச்சையாகத் தோன்றுகிறது.

ஆனால் நீலங்கள் எல்லாம் ஒன்றல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் கண்டறியப்பட்ட பிரஷ்யன் நீலம் பச்சைச் சாயலுடையது. அல்ட்ராமரின் நீலமோ ஊதாச் சாயலுடையது. பச்சையொளியையும் பெரிதும் விழுங்கிவிடும். அவ்வாறே எலுமிச்சை மஞ்சள் பச்சைப் பக்கம் சாயும். முட்டைக் கரு போன்ற மஞ்சள் சிவப்புப் பக்கம் சாயும். முன் கூறிய நீலமும் எலுமிச்சை மஞ்சளும் சேர்ந்தால் தெளிந்த பச்சை. பின் கூறிய நீலமும் செம்மை சார்ந்த மஞ்சளும் சேர்ந்தால் மங்கிய பச்சை.

இதனை வகுப்பிலேயே சோதித்துக் காட்டலாம். இரண்டு நீலம், இரண்டு மஞ்சள் கொண்டு நான்கு கட்டங்களில் நான்கு பச்சைகளைத் தீட்டச் செய்க. முதலில் மஞ்சளைக் கரைத்து, தூரிகை நுனியால் நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். மாறிச் செய்தால் வண்ணம் வீணாகும். தூரிகை கழுவ ஒரு குவளை, கலக்க ஒரு குவளை என நீரை வேறாக வைத்தல் நன்று. நீர்வண்ணம் உலர்ந்தபின் வெளிறுமாதலின், உலரும்வரை பொறுத்தே ஒப்பிட வேண்டும்.

மங்கிய பச்சையைக் கொட்டிவிட வேண்டா. செம்பனை மட்டையின் நிழற்பக்கத்திற்கும் தொலைவிலுள்ள ரப்பர் மரங்களுக்கும் அதுவே பொருந்தும். தெளிந்த பச்சையில் ஒரு துளி சிவப்பிட்டு, வேண்டுமென்றே மங்கச் செய்யும் ஓவியரும் உளர்.

இனி மாணவன் சேற்றுப் பச்சையோடு வந்து நின்றால் கடிந்துகொள்ளாது, "எந்த நீலத்தை எடுத்தாய், தம்பி?" என்று கேட்போமாக.