பத்திரம், பத்திரம்!

2021 நவம்பர் 18. திருப்பதியில் அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மலைப்பாதைகளை மூடிவிட்டார்கள். கபில தீர்த்தத்து அருவியைப் பார்க்கவே பயமாக இருந்ததாம். தெருவெல்லாம் ஆறு. எங்கள் அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அரிசி மூட்டையைத் தூக்கினார்கள், டி.வி.யைத் தூக்கினார்கள், பூனையைக்கூடத் தூக்கினார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டின் காகிதங்கள் மொத்தமும் அதற்குள்தான்.

மழை விட்டதும் சித்தூரிலிருந்து கிளம்பிப் போனேன். அவ்வா (திருப்பதிப் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பெட்டியின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“பத்திரத்த பத்திரமா வைங்கன்னு உங்க தாத்தா தலபாடா அடிச்சிக்கிட்டாரே!”

அக்கா மகள் அப்போது ஆறாம் வகுப்பு. அழுகிற நேரத்திலும் கேள்வி கேட்கிற பிள்ளை. “ஏன் அவ்வா ஒரே வார்த்தைய ரெண்டு தடவ சொல்றீங்க?” என்றாள். பிறகு அவளே யோசித்து, “தெலுங்குல ரெண்டுக்கும் வேற வேற எழுத்து மாமா. காகிதம்னா ஒரு ‘ப’, ஜாக்கிரதைன்னா இன்னொரு ‘ப’” என்றாள்.

சரியாகப் பிடித்தாள். ஒன்று ‘பத்ர’ என்ற வடசொல்லில் இருந்து வந்தது. அதற்கு இலை என்று பொருள். ஓலையில் எழுதிய காலத்து நினைவு அது. மற்றொன்றின் ‘ப’ அடிவயிற்றிலிருந்து வரும். அதற்கு நலம், காப்பு என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பெட்டிக்குள் மட்டும் ஒன்றாகவில்லை!

ஈரக் காகிதத்தைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்துப் பார்க்கத் தோன்றும். கூடாது. காகிதம் என்பது மிக மெல்லிய செல்லுலோஸ் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பின்னல். தண்ணீர் உள்ளே போனதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும். இழுத்தால் இட்லி மாதிரி பிய்ந்து வரும். வெயிலில் போடுவதும் தப்பு. மேல்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும், தாள் அப்பளமாக வளையும். நிழல், மின்விசிறிக் காற்று, இடையிடையே அச்சடிக்காத வெள்ளைத் தாளோ பழைய பருத்தித் துணியோ இருந்தால் போதும்.

ஆனால் கட்டுக் கட்டாக நூறு தாளுக்கு மேல் இருந்தன. ஈரம் பட்ட இரண்டாம் நாளே பூஞ்சைக்குத் திருவிழா. அதன் விதைத்தூள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும், ஈரம் கிடைத்தால் முளைத்துவிடும். எல்லாவற்றையும் அதற்குள் எப்படிக் காயவைப்பது? காத்திருக்கக்கூடிய கட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மாடி வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரில் வைத்துவிட்டோம்.

“பால் ஐஸ் வைக்கிற இடத்துலயா பத்திரம்?” அவ்வாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

உறைந்துபோன தண்ணீரைப் பூஞ்சையால் குடிக்க முடியாது. மையும் அதற்குமேல் பரவாது. பிறகு நமக்கு நேரம் இருக்கும்போது ஒவ்வொரு கட்டாக வெளியே எடுத்துக் காயவைக்கலாம். பெரிய நூலகங்களில் இன்னொரு படி மேலே போவார்கள். உறைந்த புத்தகங்களைக் காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைப்பார்கள். அங்கே பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகிவிடும். பீரோவில் போட்ட அந்துருண்டை தண்ணீராகாமலே தேய்ந்து காணாமல் போகிறதே, அதே பதங்கமாதல்தான். 1966-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து நூலகத்தில் ஆற்று வெள்ளம் புகுந்து லட்சக்கணக்கான புத்தகங்கள் சேற்றில் மூழ்கின. நனைந்த காகிதத்தைப் பற்றி உலகம் தீவிரமாக யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இனி வேடிக்கைக்கு வருகிறேன். பெட்டியில் இருந்த காகிதங்களில் எது பிழைத்தது, எது போனது?

மிகப் பழையது பூட்டன் வாங்கிய மனைப் பத்திரம். ‘வட ஆற்காடு ஜில்லா’ என்று போட்டிருக்கும். அது கெட்டிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஓர் எழுத்துகூடக் கரையவில்லை! அந்தக் காலத்து மையைக் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தார்கள். கடுக்காயில் துவர்ப்பு இருக்கிறது, அன்னபேதியில் இரும்பு இருக்கிறது. எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் கறுத்து, நாருக்குள்ளேயே தண்ணீரில் கரையாத பொருளாக உட்கார்ந்துவிடும். கடையில் விற்ற நீலக்கறுப்பு மையும் இதே இனம்தான். இதற்கும் ஒரு துஷ்டத்தனம் உண்டு. மையில் இருக்கும் அமிலம் வருஷக்கணக்கில் காகிதத்தை அரிக்கும். பூட்டன் அழுத்தி எழுதிய இரண்டு இடங்களில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை!

அக்கா மகளின் பள்ளிச் சான்றிதழ் வெள்ளத்துக்கு முந்தைய வருஷம்தான் வாங்கியது. இங்க்ஜெட் அச்சு. அந்த மை தண்ணீரில் கரைந்த சாயம். தண்ணீர் வந்ததும் பழைய நண்பனைப் பார்த்ததுபோல் கூடவே போய்விட்டது. மிஞ்சியது ஊதா நிற மேகம் ஒன்று. பால்பாயின்ட் பேனாவால் போட்ட கையெழுத்துகள் பிழைத்தன, அது எண்ணெய்ப் பசையான மை. ஜெராக்ஸ் தாள்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜெராக்ஸில் மையே கிடையாது. கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிறார்கள். ஆக, அசல் போச்சு, நகல் தப்பிச்சது!

லேமினேஷன் செய்த மதிப்பெண் பட்டியலை அவ்வா பெருமையோடு எடுத்தார். ஓரத்தில் எங்கேயோ ஊசிமுனை அளவு பிரிந்திருந்தது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. கண்ணாடித் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் பிரிப்பதும் கஷ்டம். அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

ஃப்ரிட்ஜ் வாங்கிய பில் வெள்ளைத் தாளாக இருந்தது. அதற்கு வெள்ளம் காரணம் இல்லை, அது எப்போதோ வெளுத்துவிட்டது. கடைகளில் கொடுக்கும் வழவழப்பான பில்லில் மையால் அச்சடிப்பதே இல்லை. தாளின் மேல் நிறமில்லாத சாயமும் ஓர் அமிலப் பொருளும் பூசியிருக்கும். சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுப்பாகும். நம்பாவிட்டால், வேண்டாத பில் ஒன்றின் மேல் சூடான காபி டம்ளரை வைத்துப் பாருங்கள். (பெரியவர்கள் கூட இருக்கட்டும்.) வட்டமாகக் கறுக்கும். அதே எழுத்து வெயிலிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் நாளாக நாளாக மங்கிவிடும். கேரண்டிக்கு வேண்டிய பில்லை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும்.

பெட்டியின் அடியில் தாத்தா பத்திரிகைத் தாள் விரித்திருந்தார். அதைத் தொட்டுக்கொண்டிருந்த காகிதமெல்லாம் பழுப்பு. மரத்துக்கு உறுதி கொடுக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காமலே மலிவாகச் செய்வதுதான் பத்திரிகைத் தாள். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் மஞ்சளாகும், அமிலத்தையும் விடும். அந்த அமிலம் பக்கத்துத் தாளுக்கும் தொற்றும். ஒரு பத்திரிகைத் தாளில் பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். குண்டூசிகளும் துருப்பிடித்து ஆரஞ்சுக் கறை விட்டிருந்தன. மூலையில் ராமபாணப் பூச்சி ஒன்று ஓடியது. அதற்குக் காகிதத்தைவிட அட்டையின் பசைமேல்தான் ஆசை, மாவுப்பொருள் ஆயிற்றே! பூச்சிக்கு வேப்பிலை போடுவதென்றால் நன்றாகக் காய்ந்ததைப் போடுங்கள். பச்சை இலை பெட்டிக்குள் ஈரத்தைத்தான் சேர்க்கும்.

“அப்ப ராஜாங்கல்லாம் எதுல எழுதினாங்க?” என்றாள் அக்கா மகள்.

செம்பில். பக்கத்தில் இருக்கும் திருவாலங்காடு 1960 வரை நம் சித்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. அங்கே 1905-ல் கிடைத்த ராஜேந்திர சோழன் செப்பேட்டில் 31 ஏடுகள். எல்லாவற்றையும் ஒரு பெரிய வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் மூடியிருக்கிறார்கள். பழையனூர் என்ற ஊரைக் கோயிலுக்குக் கொடுத்த பத்திரம் அது. நடுவே ஓர் ஏட்டை உருவவோ செருகவோ நினைத்தால் முத்திரையை உடைக்க வேண்டும். நம் ஃபைலில் பச்சை டேக் கட்டுகிறோமே, அதற்குத் தாத்தாவுக்குத் தாத்தா! திருமலையில் அன்னமாச்சாரியாரின் பாடல்களையும் இப்படித்தான் பொறித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகள் கோயிலுக்குள் உண்டியலுக்கு எதிரே ஒரு சிறிய கல் அறையில் பல நூற்றாண்டுகள் இருந்தன. 1920களில்தான் அவற்றை வெளியே எடுத்து ஆராயத் தொடங்கினார்கள். இரும்புத் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே தின்னும். செம்பில் பிடிக்கும் களிம்போ மேலே தோல் மாதிரிப் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கும். கரையானுக்கும் அது வேண்டாம்.

கல்லிலும் எழுதினார்கள். ஆனால் கல்லும் அழியும். கோயிலை இடித்துக் கட்டும்போது சுவரோடு கல்வெட்டும் போய்விடுமே? சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாகக் கட்டியபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டவைத்தார். அப்படிப்பட்ட நகலுக்கு ‘பழங்கற்படி’ என்றே பெயர். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஜெராக்ஸ்!

ஒரு வாரம் கழித்துக் காகிதங்களை வருஷ வரிசையில் அடுக்கினோம். அப்போதுதான் அவள் கூவினாள்: “மாமா, நம்ம வீடு நகர்ந்துக்கிட்டே இருக்கு!” பூட்டன் பத்திரத்தில் வட ஆற்காடு ஜில்லா. 1911-ல் சித்தூர் ஜில்லா பிறந்தது. அவ்வா சின்னப் பிள்ளையாகப் படித்த பள்ளியின் சான்றிதழில் மதராஸ் ராஜ்யம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம், 1956 நவம்பர் 1-ல் ஆந்திரப் பிரதேசம். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை, மேலே இருந்த பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கூத்து என்னவென்றால், வெள்ளத்துக்கு அடுத்த ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதியே தனி மாவட்டமாகிவிட்டது. ‘பழைய முகவரி தப்பு’ என்று ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடாமல் இருக்க வேண்டிய காரணம் இதுதான். இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் எல்லாம் ஒரே வீடு என்று நிரூபிக்க முடியும்.

பெட்டியைப் பரண்மேல் ஏற்றவில்லை, அங்கே சூடு அதிகம். தரையிலும் வைக்கவில்லை. அலமாரியில் நடுத்தட்டில் இருக்கிறது. அரசு 2015-ல் தொடங்கிய டிஜிலாக்கரில் அக்கா கணக்குத் திறந்து, கிடைத்த சான்றிதழ்களைச் சேர்த்துவிட்டாள். அதில் வராத பழைய பத்திரங்களை இரண்டு படி ஜெராக்ஸ் எடுத்தோம். எது எங்கே என்ற பட்டியலை அக்கா மகள்தான் எழுதினாள். பேனாவை எடுக்கும் முன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பால்பாயின்ட்தானே மாமா?”

ஒரு படி சித்தூரில் என் வீட்டுக்கு. எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; ஒரே வெள்ளம் இரண்டு வீட்டுக்குள்ளும் புக வாய்ப்புக் குறைவு. பஸ் ஏறப் புறப்பட்டபோது அவ்வா அந்தக் கட்டைத் துணிப்பையில் போட்டு, பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார்.

“பத்திரம்” என்றார்.

எந்தப் பத்திரம் என்று நான் கேட்கவில்லை.