ரீடிங்கை ஊருக்கே கொடுத்தவர்கள்

ஒரு உண்மையை ஒத்துக்கொள்வோம். லேபில் நாம் எழுதும் ரீடிங் எல்லாம் எடுத்த ரீடிங்தானா? விடை தெரிந்தால் போதும், பின்னாலிருந்து கணக்குப் போட்டு அப்சர்வேஷன் நோட்டை நிரப்பிவிடுவோம். (நானும் செய்திருக்கிறேன். வைவாவில் வசமாக மாட்டியும் இருக்கிறேன்.) அந்தக் குற்ற உணர்வோடுதான் 'லைகோ'வைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

லைகோ என்பது ஈர்ப்பு அலையைப் பிடிக்கும் கருவி. அமெரிக்காவில் ஹான்ஃபோர்டில் ஒன்று, சுமார் 3000 கி.மீ. தள்ளி லிவிங்ஸ்டனில் ஒன்று. 'எல்' வடிவம், ஒவ்வொரு கையும் 4 கி.மீ. லேசர் ஒளியைப் பிரித்து இரு கைகளிலும் அனுப்பி, திரும்பி வருவதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஈர்ப்பு அலை கடந்தால் ஒரு கை துளி நீளும், மற்றது துளி சுருங்கும். எவ்வளவு துளி? மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. பார்க்கவே நமக்குக் கண்ணைக் கட்டுகிறது. அங்கே கணக்கு, புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு! தூரத்தில் கடலலை மோதினாலும் கருவி ஆடும். அதனால் ரீடிங்கில் பெரும்பகுதி வெறும் இரைச்சல்தான்.

2015 செப்டம்பர் 14 அன்று, சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு கருந்துளைகள் ஒன்றாகக் கலந்ததால் எழுந்த அலை முதலில் லிவிங்ஸ்டனைத் தொட்டது. சுமார் 7 மில்லிசெகண்டில் ஹான்ஃபோர்டை. விஷயம் 0.2 செகண்டில் முடிந்தது. 2016 பிப்ரவரி 11-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அன்றே அந்த நேரத்து ரீடிங்கையும் இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று. அந்த முதல் ஓட்டத்தின் முழு ரீடிங் மட்டும் 2018 ஜனவரியில்தான் வந்தது. உழைத்தவனுக்கு முதல் பந்தி, நியாயம்தானே?

கொடுத்தால் சும்மா இருப்பார்களா? 2017-ல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு குழு கிளம்பியது. "சிக்னலைக் கழித்த பிறகு மிஞ்சும் இரைச்சலிலும் இரு கருவிகளுக்கிடையே அதே 7 மில்லிசெகண்ட் ஒற்றுமை தெரிகிறதே, இதென்ன?" என்று கேட்டது. சின்னக் கேள்வியா அது! கண்டுபிடிப்பின் அடித்தளத்தையே அசைத்துப் பார்க்கும் கேள்வி. வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே பொது ரீடிங்கை எடுத்து, நன்றாகப் பொருந்தும் அலையைக் கழித்துப் பார்த்தார்கள். பொருட்படுத்தும்படி ஒற்றுமை எதுவும் மிஞ்சவில்லை. ரீடிங் பூட்டிக் கிடந்திருந்தால் 'நீ சொன்னாய், நான் சொன்னேன்' என்றே போயிருக்கும்.

லாபமும் உண்டு. லைகோவைச் சேராத பிரின்ஸ்டன் குழு ஒன்று, வெளிவந்த இரண்டாம் ஓட்ட ரீடிங்கைத் தன் முறையில் சலித்து, லைகோ பட்டியலில் இல்லாத ஆறு கருந்துளை மோதல்கள் கிடைத்ததாக 2019-ல் அறிவித்தது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 2017 ஆகஸ்ட் 17-ல் இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய அலை வந்தபோது, முடிவுக்கு 1.1 செகண்ட் முன்னால் லிவிங்ஸ்டன் கருவி ஒரு பெரிய குதி குதித்தது. கருவிக் கோளாறு. நாமாக இருந்தால் ரப்பரை எடுத்திருப்போம்! அவர்கள் அதை நீக்கிய ரீடிங்கையும் கொடுத்தார்கள், நீக்காததையும் கொடுத்தார்கள்.

நம்ம கம்ப்யூட்டர் லேபிலேயே திறந்து பார்க்கலாம். 32 செகண்ட் ஃபைல், செகண்டுக்கு 4096 எண், மொத்தம் 1,31,072 எண்கள். பைத்தானில் பாடங்களும் கூடவே உண்டு. அதிர்வெண் வாரியாக வரைந்தால் 60 ஹெர்ட்ஸில் ஒரு கோடு ஓங்கி நிற்கும். விண்வெளி என்று துள்ள வேண்டாம், அது அமெரிக்கக் கரண்ட்! மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா எழுந்தால் அந்தக் கோடு 50-ல் நிற்கும்.